பாட்டு ராயல்டி: ரேட்டை யார் முடிவு செய்கிறார்கள், தகராறு வந்தால் எங்கே போவது? (கிருஷ்ணகிரி – தர்மபுரி மண்டபங்கள்)

நெடுஞ்சாலை மண்டபம் (கேள்வி)

கிருஷ்ணகிரி பக்கம், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கல்யாண மண்டபம். அதை ஒட்டி எட்டு ரூம் லாட்ஜும் ஒரு சாப்பாட்டுக் கடையும். மண்டபத்தில் 600 இருக்கை. வருஷத்துக்குச் சுமார் 110 நிகழ்ச்சி நடக்கும். அதில் 80 கல்யாணமும் வரவேற்பும். மீதி 30-ல் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, ஓசூர் கம்பெனிகளின் டீலர் கூட்டம், ஆண்டு விழா எல்லாம் வரும்.

பாட்டு போடுவதற்கு உரிமக் கட்டணம் கேட்டு மூன்று இடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒன்று, பாடல் வரிக்கும் இசைக்கும். மற்ற இரண்டும் ஒலிப்பதிவுக்கு. முதல் கடிதம் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கேட்கிறது, அதையும் இருக்கை எண்ணிக்கையை வைத்து. இரண்டாவது வருஷத்துக்கு மொத்தமாக 60,000 ரூபாய். மூன்றாவதில் கணக்கே இல்லை, ‘பேக்கேஜ்’ என்று ஒரு தொகை மட்டும்.

கேட்க விரும்புவது நான்கு:

கல்யாணத்துக்கு விலக்கு உண்டு என்கிறார்களே, அது எதுவரை? மூன்று பேருக்கும் கட்டணுமா? ரேட் அதிகம் என்று தோன்றினால் யாரிடம் முறையிடுவது? இந்த ரேட் நிர்ணய முறையையே மாற்றச் சொல்லி இரண்டு மாவட்ட மண்டபக்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று பேச்சு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்கிறார்கள். மனுவில் என்ன கேட்பது?

---

வழக்குக்கட்டு

கலெக்டர் ஆபீஸில் கொடுத்தால் மனு ரசீது கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. பதிப்புரிமை என்பது அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் 49-ஆம் இனம். மாநில அரசே கை வைக்க முடியாத விஷயம். மனு போகவேண்டிய இடம் டெல்லியில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை. அந்த மனுவில் ‘காப்புரிமை’ என்று எழுதாதீர்கள். பத்திரிகைகள் பேடன்ட், காப்பிரைட் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கின்றன. ‘பதிப்புரிமை’ என்றே எழுதுங்கள்.

இப்போது கல்யாணம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(இசட்ஏ). உண்மையான மதச் சடங்கிலும் அரசு நடத்தும் விழாவிலும் பாட்டு போடுவது உரிமை மீறல் ஆகாது. மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்ற கொண்டாட்டங்களும் அடங்கும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நிச்சயதார்த்தம், நலங்கு, வரவேற்பு இதற்குள் வரும் என்று தைரியமாக வாதாடலாம். பிறந்தநாளும் டீலர் கூட்டமும் ஆண்டு விழாவும் வராது. பூப்புனித நீராட்டு விழாவும் காதுகுத்தும் நடுவில் நிற்பவை. குலதெய்வக் கோயிலில் வைத்துக் காது குத்தினால் மதச் சடங்கு என்று சொல்ல இடமுண்டு. மண்டபத்தில் டிஜே வைத்து ராத்திரி 11 மணி வரை ஆட்டம் என்றால் அந்த வாதம் பலவீனம்.

2023 ஜூலை 24 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு விட்டது, கல்யாணத்துக்கு ராயல்டி கேட்கக்கூடாது என்று. அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இதே மாதிரி 2019-ல் வந்த அறிவிப்பைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. கோவா அரசின் சுற்றறிக்கையும் 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வில் அடிபட்டது. பதில் கடிதத்தில் பிரிவு 52-ஐ எழுதுங்கள், அறிவிப்பைத் துணைக்கு மட்டும் வையுங்கள்.

மூன்று பேருக்கும் கட்டணுமா என்றால், பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவதற்குப் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கம் ஐபிஆர்எஸ். இரண்டாவதற்குப் பதிவு பெற்றது ஆர்எம்பிஎல். ஒரே வகைப் படைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கத்தைச் சாதாரணமாகப் பதிவு செய்யக்கூடாது என்று பிரிவு 33(3) சொல்கிறது. ஆகவே ஒலிப்பதிவுக்கு இரண்டு கடிதம் வந்தால், குறைந்தது ஒன்று சங்கம் அல்ல.

சங்கம் அல்லாத கம்பெனி கேட்கலாமா? பிரிவு 33(1) படி, உரிமம் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யப் பதிவு வேண்டும். சொந்தக்காரர் தன் சொந்தப் படைப்புக்குத் தானே உரிமம் தருவதற்குத் தடை இல்லை. பல லேபிள்களிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு ‘நானும் சொந்தக்காரன்’ என்று வருகிற கம்பெனி இதில் எந்தப் பக்கம் என்பதுதான் சண்டை. நோவெக்ஸ் இப்படி உரிமம் விற்கிற ஒரு கம்பெனி. நோவெக்ஸ் – டிஎக்ஸ்சி வழக்கில் 2021 டிசம்பர் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பதிவு இல்லாமல் இந்தத் தொழில் கூடாது என்று வழக்கைத் தள்ளியது. 2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது. 2025 ஏப்ரல் 15-ல் அஸ்யூர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, பிபிஎல் (ஒலிப்பதிவுக்கு உரிமம் விற்கிற இன்னொரு கம்பெனி) சங்கமாகப் பதிந்திருக்க வேண்டும் அல்லது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. அதுவரை ஆர்எம்பிஎல் அட்டவணைப்படி பணம் கட்டச் சொன்ன பகுதியை உச்ச நீதிமன்றம் ஒரே வாரத்தில் நிறுத்தி வைத்தது. நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னைத் தீர்ப்பு. அதன் மேல்முறையீட்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலை.

கடிதம் கையில் இருக்கும்போது கேட்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்றிதழ் நகல் (பதிவு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், தேதியைப் பாருங்கள்). சங்கம் இல்லையென்றால் எழுத்து மூலமான உரிமை மாற்றப் பத்திரம். பிரிவு 19 படி அதில் எந்தப் படைப்பு, என்ன உரிமை, எத்தனை காலம், எந்த எல்லை என்று இருக்கவேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். பாட்டுப் பட்டியல். வெளியிட்ட கட்டண அட்டவணை. இந்த நான்கும் தராமல் மிரட்டல் கடிதம் மட்டும் தொடர்ந்தால் பிரிவு 60-ல் ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போடலாம். அவர்கள் தாமதமில்லாமல் மீறல் வழக்குப் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

கடிதத்தைக் குப்பையில் போடுவதுதான் பெரிய தப்பு. பிரிவு 63-ல் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிசம்பர் வந்தால் புத்தாண்டு நிகழ்ச்சியை வைத்து அவசரத் தடை கேட்பார்கள். அதற்கு முன் மாவட்ட நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன் மனு) போட்டு வையுங்கள். அது 90 நாள்தான் நிற்கும், அதனால் அக்டோபர் கடைசியில் போட்டால் புத்தாண்டைத் தாண்டும்.

---

பாலக்கோடு மைக்செட்

வக்கீல் சார் சொன்னதோடு தொழில் பக்கத்து விஷயம் கொஞ்சம்.

ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் நேரடியாக வாசித்துப் பாடினால் ஒலிப்பதிவு எதுவும் ஓடவில்லை. அதற்கு வரி–இசை உரிமம் மட்டும் போதும், ஒலிப்பதிவுக்காரர் கேட்க இடமில்லை. டிஜே என்றால் இரண்டும். கரோக்கி டிராக் போட்டுப் பாடினால் பலர் நேரடிக் கச்சேரி என்று நினைக்கிறார்கள். அந்த டிராக்கே ஒரு ஒலிப்பதிவு, அதற்கும் சொந்தக்காரர் உண்டு.

பம்பை, தவில், நாதஸ்வரம், தெருக்கூத்தில் வழிவழியாக வருகிற பாட்டு இவற்றுக்கெல்லாம் யாரும் பில் போட முடியாது. வரியும் இசையும் எழுதியவர் இறந்து 60 வருஷம், ஒலிப்பதிவு வெளியாகி 60 வருஷம், அதன் பிறகு பொதுச் சொத்து. ஆனால் அதே நாட்டுப்புறப் பாட்டைப் புதிதாக ரெக்கார்டிங் செய்து வெளியிட்டிருந்தால் அந்த ரெக்கார்டிங்குக்கு உரிமை தனி. பென்டிரைவில் ஓடுவது பெரும்பாலும் அந்த ரெக்கார்டிங்தான்.

செல்போனில் மாதச் சந்தா கட்டிய ஆப்பிலிருந்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ‘நான் பணம் கட்டிக் கேட்கிறேன்’ என்பது செல்லாது. அந்தச் சந்தா நீங்கள் காதில் கேட்பதற்கு.

மண்டபக்காரர்களுக்கு ஒன்று. புக்கிங் ஃபாரத்தில் இரண்டு கட்டம் சேர்த்துவிடுங்கள்: என்ன நிகழ்ச்சி, பாட்டு யார் கொண்டுவருகிறார். கல்யாணம் என்றால் பத்திரிகை ஒன்றை ஃபாரத்தோடு பின் பண்ணி வையுங்கள். பிறகு ‘அன்று பார்ட்டி நடந்தது’ என்று யாராவது வீடியோ காட்டினால், தேதி போட்ட பத்திரிகையை விடப் பெரிய சாட்சி கிடையாது.

---

இராயக்கோட்டை ரோடு

நான்கு கேள்வியில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரேட் மேல் முறையீடு என்று சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, பிரிவு 33ஏ. 2012 திருத்தத்தில் வந்தது. ஒவ்வொரு பதிப்புரிமைச் சங்கமும் கட்டண அட்டவணையை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், விசாரிக்கிற அமைப்பு, அட்டவணையில் நியாயமற்ற அம்சமோ முரண்பாடோ இருந்தால் நீக்கச் சொல்லி உத்தரவிடலாம்.

உங்கள் கடிதங்களையே எடுத்துப் பார்ப்போம். 600 இருக்கை மண்டபத்தில் 150 பேர் வருகிற பிறந்தநாளுக்கு 600 இருக்கைக்கான கட்டணம் கேட்டால், அளவுகோல் இருக்கையா வந்த ஆளா என்பது 33ஏ-க்குப் போகத் தகுந்த கேள்வி. 60,000 ரூபாய்க் கடிதம் இன்னும் சுவாரசியம். 110 நிகழ்ச்சிக்கு வகுத்தால் ஒன்றுக்கு 545 ரூபாய், மலிவாகத் தெரியும். ஆனால் 80 கல்யாணம் சட்டப்படி விலக்கு. மீதி 30-க்கு வகுத்தால் ஒன்றுக்கு 2,000. வருடாந்திர மொத்தக் கட்டணம் என்ற வடிவமே விலக்கு பெற்ற நிகழ்ச்சிக்கும் சேர்த்து வசூலிக்கிற வடிவம். பேரம் பேசும்போது தொகையைக் குறை என்று கேட்காமல் கணக்கின் அடியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் 33ஏ-வில் மூன்று ஓட்டை.

ஒன்று, அது சங்கத்துக்கு மட்டும். சங்கமாகப் பதியாத கம்பெனி என்ன ரேட் போட்டாலும் 33ஏ தொடாது. பதிவு செய்தவன் கண்காணிப்புக்குள் வருகிறான், செய்யாதவன் சுதந்திரமாக இருக்கிறான். பிறகு எதற்குப் பதிவார்கள்? பதியாதவரோடு ரேட் தகராறு என்றால் மிஞ்சுவது பிரிவு 31, கட்டாய உரிமம். நியாயமற்ற நிபந்தனை விதிப்பதும் மறுப்பதற்குச் சமம்தான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ரேடியோ வழக்கில் சொன்னது. ரேடியோ கம்பெனி அந்த வழக்கு நடத்தும். ஒரு மண்டபம் நடத்துமா?

இரண்டு, முதலில் பணம், பிறகு வாதம். முறையிடுகிறவர் அதுவரை சேர்ந்த கட்டணத்தைக் கட்டியாக வேண்டும், வழக்கு முடியும்வரை கட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டும். வசூலுக்குத் தடை கொடுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. இடைக்காலக் கட்டணம் மட்டும் நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்கலாம். மனுவோடு அந்த விண்ணப்பத்தையும் முதல் நாளே போட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. முறையிடுகிற இடமே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய பதிப்புரிமை வாரியத்தை 2017 நிதிச் சட்டம் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில், அதாவது ஐபிஏபி-யில் சேர்த்தது. 2021 ஏப்ரலில் ஐபிஏபி-யையே ஒரு அவசரச் சட்டம் கலைத்தது. இப்போது ரேட் விவகாரம் வணிக நீதிமன்றத்துக்கு. ஒரு சங்கத்தின் அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் அதை ஆராயும் நீதிமன்றம் ஊருக்கு ஒன்று. சேலத்தில் ஒரு ரேட் நியாயம், பெங்களூரில் அதே ரேட் அநியாயம் என்று தீர்ப்பு வந்தால் எதைப் பின்பற்றுவது? அத்தோடு வணிக நீதிமன்றத்துக்கு 3 லட்சம் என்ற மதிப்பு வரம்பு இருக்கிறது. உங்கள் தகராறு வருஷத்துக்குச் சில ஆயிரம். 33ஏ-க்கு அந்த வரம்பு பொருந்துமா என்ற சர்ச்சையை எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே கிளப்பும்.

காலக்கெடு இல்லாததன் விளைவை ரேடியோவில் பார்க்கலாம். 2010 ஆகஸ்ட் 25 அன்று பதிப்புரிமை வாரியம் ரேட் போட்டது: அந்த நிலையத்தின் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம், ஒலித்த நேர விகிதப்படி பாட்டுக் கம்பெனிகளுக்குப் பிரித்து. மாதம் 5 லட்சம் நிகர வருமானம் என்றால் 10,000 ரூபாய். மொத்தம் 300 மணி நேரப் பாட்டில் ஒரு கம்பெனியுடையது 120 மணி நேரம் என்றால் அதற்கு 4,000. எளிமையான கணக்கு. அது 2020 செப்டம்பர் 30 வரை. அடுத்த ரேட் வந்தது 2020 டிசம்பர் 31, பழையது காலாவதியாகி மூன்று மாதம் கழித்து. சதவீதத்தை விட்டு ‘நீடில் ஹவர்’, அதாவது விளம்பரமும் பேச்சும் நீக்கிப் பாட்டு மட்டும் ஓடிய மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று மாற்றினார்கள். அந்த உத்தரவின் ஆயுள் 2021 செப்டம்பர் 30 வரைதான். அது முடிவதற்குள் உத்தரவு போட்ட வாரியமே இல்லாமல் போய்விட்டது.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால் அமெரிக்காவில் 2004 சட்டத்தின் மூலம் வந்த பதிப்புரிமை ராயல்டி வாரியம். மூன்று முழுநேர நீதிபதிகள், ஆறு வருஷப் பதவி. ஒருவருக்குப் பதிப்புரிமை தெரிந்திருக்கவேண்டும், ஒருவருக்குப் பொருளாதாரம். முதலில் மூன்று மாதம் தங்களுக்குள் பேசிப் பார்க்க அவகாசம், அப்புறம்தான் விசாரணை. பங்கு பிரிக்கும் தகராறில் தொகை 10,000 டாலருக்குள் என்றால் நேரில் வராமல் காகிதத்திலேயே முடிக்கலாம். ஆனால் கவனம், ஓட்டலில் பாட்டு போடுகிற ரேட் அந்த வாரியத்துக்கு வராது. அங்கே அஸ்காப், பிஎம்ஐ என்ற இசை உரிமை அமைப்புகளின் ரேட் தகராறுகள் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகின்றன. ‘அமெரிக்கா மாதிரி வாரியம் வேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதினால் எதிர்த்தரப்பு இதைச் சொல்லி மடக்கிவிடும். நமக்குப் பொருத்தம் ஜெர்மனி. அங்கே அட்டவணைத் தகராறு நேராக நீதிமன்றம் போக முடியாது. பேடன்ட் அலுவலகத்தில் இருக்கும் சமரசக் குழுவைத் தாண்டித்தான் போகவேண்டும். கனடாவில் விசாரணை முடிந்து 12 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள்.

ஆக, மனுவில் ‘ரேட்டைக் குறை’ என்று கேட்காதீர்கள், அது யாருடைய அதிகாரத்திலும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளரின் பாட்டுக்கு உரிமம் விற்கிற எவரும், சங்கமோ கம்பெனியோ, அட்டவணை வெளியிட்டு 33ஏ-க்குக் கட்டுப்படவேண்டும் என்று கேளுங்கள். இதுதான் உயிர்நாடி. அதற்கு அடுத்து, நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பு, கெடுவோடு. ஐபிஏபி கலைப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 2021 ஜூலையில் வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது 161-ஆவது அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள், உங்கள் மனுவுக்குக் கனம் வரும்.

---

மெட்டுக்கு வரி

மண்டபத்துப் பக்கம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதும் ரேட் நியாயத்தின் ஒரு பாதி.

2012 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிற திருத்தப்படி, சினிமாப் பாட்டின் வரியும் இசையும் தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர வேறு எப்படிப் பயன்பட்டாலும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் செல்லாது. ரேடியோ நிலையங்கள் இதை ஏற்காமல் வழக்காடின. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் வரி–இசைக்கும் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னது. எனவே மனுவில் ‘ஒரு பாட்டுக்கு இரண்டு கட்டணம் எதற்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டாவது கட்டணம் யார் போராடி வாங்கியது என்று தெரிந்தவர்கள் அதைப் படித்ததுமே மனுவை ஓரம் வைப்பார்கள்.

அதற்குப் பதில் கேட்கவேண்டியது பாட்டுப் பட்டியல். மண்டபத்தில் என்ன ஓடியது என்று யாரும் எழுதுவதில்லை. பட்டியல் இல்லாத பணத்தைச் சங்கம் வேறு ஏதாவது கணக்கை, ரேடியோ கணக்கையோ ஆப் கணக்கையோ, வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்தக் கணக்கில் ஏறாத உள்ளூர் ஆல்பம், பண்டிகைப் பாட்டு, அம்மன் பாட்டு எழுதினவருக்கு நீங்கள் கட்டிய பணத்தில் ஒரு காசும் வராது. பாலக்கோட்டு மைக்செட் அண்ணன் மாதிரி ஆட்கள் மனசு வைத்தால் இது பெரிய வேலை இல்லை. லேப்டாப்பில் டிஜே மென்பொருள் ஓடினால் அன்றைய ‘ஹிஸ்டரி’யைக் கோப்பாக எடுக்கலாம். பாட்டு, படம் அல்லது ஆல்பம், பாடியவர், ஓடிய நிமிடம். நான்கு பத்தி.

பட்டியல் கொடுக்கிற பயனாளிக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று மனுவில் கேளுங்கள். அதுவும் கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் ஒரே நேரத்தில் லாபம். 2021 விதித் திருத்தத்தில் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளிப்படைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்று வந்தது. பதியாத கம்பெனிக்கு அந்தக் கடமை கிடையாது. இராயக்கோட்டைக்காரர் சொன்ன முதல் ஓட்டை இங்கேயும் தண்ணீர் ஒழுக்குகிறது.

---

நெடுஞ்சாலை மண்டபம்

நன்றிங்க எல்லோருக்கும். மனுவுக்கு வரைவு இப்படி வைத்திருக்கிறோம்:

1. பலருடைய பாட்டுக்கு உரிமம் தருகிற எவரும் அட்டவணை வெளியிட வேண்டும், 33ஏ அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.
2. கட்டணம் இருக்கை எண்ணிக்கைப்படி இல்லாமல் வந்த ஆள் கணக்கில். வருடாந்திரக் கட்டணத்தில் கல்யாண நிகழ்ச்சிகளைக் கழிக்க வேண்டும்.
3. ஒரே அமைப்பு, 12 மாதக் கெடு, சிறு தொகைத் தகராறு காகிதத்தில்.
4. பட்டியல் கொடுத்தால் தள்ளுபடி.
5. 2,000 சதுர அடிக்குக் குறைவான டீக்கடை, மெஸ், சலூனுக்கு முழு விலக்கு.

ஐந்தாவது, நம்ம ஊர் சின்னக் கடைக்காரர்கள் கேட்டது. சரியா?

---

இராயக்கோட்டை ரோடு

ஐந்தை அப்படியே விடாதீர்கள். அமெரிக்கா 1998-ல் இதைத்தான் செய்தது. ஓட்டலுக்கு 3,750 சதுர அடி, மற்றக் கடைக்கு 2,000. அதுவும் ரேடியோ, டிவி ஒலிபரப்பை வைப்பதற்கு மட்டும், சிடி போடுவதற்கு அல்ல. ஐரோப்பா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2000-ல் அதன் தீர்ப்பாயம், அந்த விலக்கு அறிவுசார் சொத்து ஒப்பந்தத்துக்கு (டிரிப்ஸ்) விரோதம் என்றது. இந்தியாவும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது, டெல்லியில் கோப்பு பார்க்கிறவர் இதைத்தான் முதலில் குறிப்பெழுதுவார்.

விலக்கு என்பதை எடுத்துவிட்டு, ‘சிறு கடைகளுக்கு இரண்டு உரிமைக்கும் சேர்த்து ஒரே ரசீதில் வருடத்துக்கு ஒரு குறைந்த, நிலையான கட்டணம், அதை எந்த அமைப்பிடம் கட்டினாலும் போதும்’ என்று எழுதுங்கள். டீக்கடைக்காரருக்குத் தொகையை விட மூன்று பேர் வந்து நிற்பதுதான் தலைவலி.

மூன்றில் இடைக்காலக் கட்டணத்தையும் சேருங்கள்: முறையிட்ட 30 நாளில் இடைக்கால ரேட், வித்தியாசத் தொகை தனிக் கணக்கில், தீர்ப்புக்குப் பின் இரு பக்கமும் சரிக்கட்டல்.

---

வழக்குக்கட்டு

இரண்டாவதில் ‘வந்த ஆள் கணக்கு’ என்று போட்டால் எண்ணுவது யார் என்று கேட்பார்கள். பந்தி இலைக் கணக்கைக் கேட்டரிங்காரர் பில்லில் எழுதுகிறார் அல்லவா, ‘உணவுப் பில்லில் உள்ள எண்ணிக்கை’ என்று திருத்துங்கள். 33ஏ முறையீட்டிலும் அந்த பில்தான் உங்களுக்கு ஆவணம், இப்போதிலிருந்தே கல்யாணம் அல்லாத 30 நிகழ்ச்சிக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

மனுவோடு மூன்று கடித நகலையும் இணைக்கலாம். அனுப்பியவர் பெயரை மறைத்துவிடுங்கள், நிலுவையில் இருக்கும் தகராறு. பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. மூன்றாவது கடிதம், அந்த ‘பேக்கேஜ்’ கடிதத்துக்கு மட்டும் மனுவுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே பதில் போடுங்கள். அதில் கெடு 15 நாள் என்று இருந்தால் எண்ணிக்கை பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியிலிருந்து. கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.